தலைக்கணக்கு

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்.
சஜ்ஜா முகாம், ஏழாம் பிளாக் வாசலில்
வண்டியை உறுமவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
அறுபத்தாறு இருக்கை. ஏசி உண்டு,
பின்பாதிக்கு மட்டும் எட்டாது.
ஏறுகிறவர்களை எண்ணி
ஃபோர்மேன் தந்த தாளில் எழுதவேண்டும்.
அறுபத்து மூன்று.
அதில் பதினோரு பேர் வெள்ளரியேந்தல்.
என்னோடு பன்னிரண்டு.
டிரைவரைச் சேர்ப்பதில்லை.

நேற்று ராத்திரி ஒரு படம் அனுப்பியிருந்தாள் இருளாயி.
டிப்போ முத்திரை குத்திய கடிதம்,
மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வரி படிக்க முடியவில்லை.
மற்ற வரிகள் தெளிவாகவே இருந்தன:
மக்கள்தொகை முந்நூற்று எண்பத்தெட்டு.
அருகிலுள்ள நிறுத்தம் ஏழு கிலோமீட்டர்.
போதிய பயணிகள் இல்லாமையால்
தங்கள் கோரிக்கை ஏற்க இயலாத நிலையில் உள்ளது.

கணக்கெடுக்க வந்தவரிடம்
வீட்டில் நாலு பேர் என்றுதான் சொன்னாளாம்.
நாலாவது ஆள் எங்கம்மா என்றாராம்.
ஷார்ஜா என்றதும்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே யோசித்து
மூன்று போட்டுவிட்டுப் போனாராம்.

இங்கே அறையில் எட்டுப் பேர்.
கதவில் ஒட்டிய தாளில் ஆறு.
சோதனைக்கு ஆள் வருகிற நாளில்
வேம்புவும் நானும் பாயைச் சுருட்டிக்கொண்டு
மொட்டைமாடிக்குப் போய்
தண்ணீர்த் தொட்டி நிழலில் குந்தியிருப்போம்.
நிழல் நகர நகர நாங்களும் நகர்வோம்.
"அங்க கழிச்சது, இங்க கழிச்சது,
ரெண்டையும் கூட்டினா நாம எவ்வளவுடா வருவோம்?"
கணக்கில்தான் அவன் பத்தாவது ஃபெயில்.

எமிரேட்ஸ் ரோட்டில் ஏறிவிட்டால்
யோசிக்க நேரம் கிடைக்கும்.
கண்ணாடியில் தலைகள் சாய்ந்து ஆடுகின்றன.
இதில் பன்னிரண்டு. அல்கூஸில் ஒன்பது.
முஸாஃபாவில் பதினாலு. கத்தாரில் இருபத்தேழு.
அறுபத்திரண்டு.
குவைத்தில் எத்தனை என்று
அங்கே இருக்கிறவர்களுக்கே தெரியாது.
ஒரு வண்டி நிறைந்து
படியிலும் தொங்குவார்கள்.

இருளாயி விடவில்லை.
கிளை மேலாளர் அறைக்கே போய்க் கேட்டிருக்கிறாள்,
"போனவங்க எல்லாம் திரும்பி வந்துட்டா
பஸ் விடுவீங்களா?"
சிரித்தாராம் அவர்.
"அவங்க வந்துட்டா
டிக்கெட்டுக்கு யாரும்மா காசு அனுப்புவா?"

பெண்களுக்குக் கட்டணமில்லை என்று
மெயின் ரோட்டில் போகிற பேருந்தின்
நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.
அந்த இலவசத்தில் ஏறிக்கொள்ள
மெயின் ரோடு வரைக்கும் ஆட்டோவுக்கு நூற்றைம்பது.
மழை பெய்திருந்தால் இருநூறு.
ஸ்கூட்டி வாங்கிக்கொள், பணம் போடுகிறேன் என்றேன்.
"வாங்கலாம். வாங்கிட்டா
மனுவுல ஒரு கையெழுத்து கொறையும்" என்றாள்.
பிறகு இரண்டு நாள் கழித்து
என்ன நிறம் என்று கேட்டாள்.

ஜெபல் அலி வந்துவிட்டது.
வெளிச்சம் வருவதற்குள் வெக்கை வந்துவிட்டது.
எல்லாரும் இறங்கியபின்
அடைக்கலம் மட்டும் கதவருகே நிற்கிறான்.
விசா முடிந்து வியாழக்கிழமை போகிறான்,
திருச்சிக்கு நாலு மணி நேரம்.
நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி கட்டி வைத்திருக்கிறான்.
வெள்ளிக்கிழமையிலிருந்து என் தாளில் அறுபத்திரண்டு.
அங்கே யாராவது எண்பத்தெட்டை அடித்து
எண்பத்தொன்பது எழுதுவார்களா, தெரியாது.

"அண்ணே, மெயின் ரோட்லேர்ந்து
நம்ம ஊருக்குக் கடைசி பஸ்
எத்தனை மணிக்கு?"

ஏழு வருஷம் என் வண்டியிலேயே ஏறி இறங்கியவன்.
மறந்துவிட்டான் போல.
நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவனும் நிஜமாகத்தான் கேட்டான்.

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான்.
பொத்தானை அழுத்தினேன்,
கதவு காற்றை விட்டு மூடிக்கொண்டது.